ஆசைக்கு எடுத்த படங்கள்: ராயபுரம் முதல் எண்ணூர் வரை

சென்னைக்கு ரயிலும் ஒளிப்படச் சங்கமும் ஒரே ஆண்டில் வந்தன. 1856 ஜூன் 28 அன்று ராயபுரம் ரயில் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை வண்டிகள் ஓடின. மதராஸ் ஒளிப்படச் சங்கம் உருவானதும் அதே 1856இல்தான். ஆனால் ராயபுரத் திறப்பு விழாவை உலகம் பார்த்தது ஓவியமாக. லண்டனின் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழ் அதைக் கையால் வரைந்த படமாக வெளியிட்டது. ஒளிப்படத்தை அப்படியே பத்திரிகையில் அச்சேற்றும் முறை அன்று இல்லை. அதைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது: அசைகிறவற்றை அன்றைய கேமராவால் பெரும்பாலும் பிடிக்க முடியாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கடலோரத்தில் பார்க்கத் தக்கவை எல்லாமே அசைபவை. அலை, படகு, மூட்டை தூக்கும் ஆள், வண்டி, பறவை என்று எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கூலிக்கோ உத்தரவுக்கோ அல்லாமல், பார்த்ததைப் பிடித்துவைக்கும் ஆசைக்காக மட்டுமே படம் எடுத்தவர்கள் இந்த வட்டாரத்தை வந்தடைய நூறாண்டுக்கு மேல் ஆனது.

மதராஸ் சங்கத்தை முன்னின்று நடத்தியவர் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர். 1850இல் பிராட்வேயில் ஓவியப் பள்ளி தொடங்கிய மருத்துவர் அவர். அந்தப் பள்ளிதான் இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. சங்கத்தின் தலைவராக இருந்தவர், தென்னிந்திய நாணயங்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்த வால்டர் எலியட். உறுப்பினர்களில் பெரும்பாலோர் படை அதிகாரிகள், மருத்துவர்கள், அரசு ஊழியர்கள். படம் எடுப்பது அவர்களுக்குப் பிழைப்பு அல்ல, ஓய்வு நேர ஈடுபாடு. அதற்கான செலவைத் தாங்க அவர்களால் மட்டுமே முடிந்தது.

அவர்களில் தலைசிறந்தவர் லின்னேயஸ் டிரைப். சென்னைப் படையில் அதிகாரியாக இருந்து, விடுப்பில் இங்கிலாந்து போனபோது ஒளிப்படம் கற்றவர். மைசூர்ப் பகுதிக் கோயில்களை அவர் எடுத்த படங்கள் 1855ஆம் ஆண்டு மதராஸ் கண்காட்சியில் பரிசு பெற்றன. பிறகு அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டு, 1857–58இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று தமிழ்நாட்டைச் சுற்றினார். அவர் கையாண்டது மெழுகிட்ட காகித நெகட்டிவ். கண்ணாடித் தகட்டில் பூசும் மருந்து சென்னை வெயிலில் விரைவில் காய்ந்துவிடும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லலாம். அதற்கு ஈடாகக் காத்திருக்க வேண்டியிருந்தது: மூடியைத் திறந்து நிமிடக்கணக்கில் நிற்க வேண்டும். அதற்குள் மேகம் நகர்ந்துவிடும். அதனால் வானம் வெற்று வெள்ளையாக விழும். டிரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களை வரைந்து சேர்த்தார். அந்தக் கோபுரங்களுக்குப் பின்னால் தெரியும் மேகங்களில் பல அவர் கைவண்ணம். கல்தூணும் மண்டபமும் அவருக்குப் பொருந்தின, கடற்கரை பொருந்தவில்லை. அவருடன் பணிபுரிந்த சி. ஐயாசாமி, ஹண்டரின் பள்ளியில் உருவான ஒளிப்படக்காரர். தென்னாட்டில் கேமராவைத் தொழிலாகக் கற்ற முதல் இந்தியர்களில் ஒருவரான அவரைப் பற்றி இன்னும் விரிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். 1860இல் ஆளுநர் டிரெவெலியன் செலவைக் காரணம் காட்டி அரசின் ஒளிப்படப் பணியை நிறுத்தினார்.

கேமரா வேகம் பெறும் முன்பே அதன் முன்னால் வந்தது பசி. 1876–78 பெரும் பஞ்சத்தில் மதராஸ் குதிரைப்படை அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்புக்கூடாகிவிட்ட குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். உலகம் அந்தப் பஞ்சத்தை அறிந்ததும் உதவிப் பணம் திரண்டதும் ஓரளவு அவற்றால்தான். ஆனால் கேமராவுக்கு முன் உட்கார்ந்தவர்களுக்கு அவர் சோறு போட்டாரா என்ற கேள்வி அன்றே எழுந்தது. 1877 பிப்ரவரியில் மதராஸ் கடற்கரையில் மலைபோல் அடுக்கிய தானிய மூட்டைகளைக் காட்டும் படமும் அந்தப் பஞ்சத்தின் சாட்சி. தானியம் கரையில் குவிந்திருக்க, உள்நாட்டில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவருக்கு விளக்கம் தேவைப்படாது. யாரை, எந்த நிலையில் படம் எடுக்கலாம் என்ற கேள்வி இந்தக் கடற்கரையை விட்டு அதன் பிறகு நீங்கவே இல்லை.

1880களில், முன்கூட்டியே மருந்து பூசிவைத்து நொடியில் படம் பிடிக்கக்கூடிய உலர் தகடு பரவியது. 1888இல் கோடாக் கேமராவும் 1900இல் பிரவுனி பெட்டிக் கேமராவும் வந்தன. இப்போது அலையை அலையாகவே பிடிக்க முடிந்தது. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் நுரையைக் கிழித்துக்கொண்டு போகும் காட்சி, கட்டுமரத்தில் நின்றபடி துடுப்பு போடும் மீனவர், 1881 புயலில் சிதைந்து மீண்டும் எழுந்த துறைமுகத்தின் கைகள் ஆகியவை அஞ்சலட்டைகளாக உலகமெங்கும் போயின. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்தது. தொட்டிகளின் மேல் எழுந்த கரும்புகையைக் காட்டும் படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. கடற்கரையைப் படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் அல்லது கப்பல் ஏறப் போகிறவர்கள். துறைமுகச் சுவருக்கு வடக்கே இருந்த குப்பங்கள் அவர்கள் பார்வைக்கு எட்டவில்லை.

அந்தத் துறைமுகம் செய்த வேலை ஒன்று படங்களில் மட்டுமே முழுதாகத் தெரியும். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் தின்றது. இன்று அங்கே கருங்கற்களும் தூண்டில் வளைவுகளும் கிடக்கின்றன. பழைய மணற்கரையில் நின்று எடுத்த ஒரு குடும்பப் படம் கிடைத்தால், பின்னணியில் தெரியும் வலையும் மணல்மேடும் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

சுதந்திரத்துக்குப் பின் தடையாக நின்றது விலை. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் ஃபிலிம் எளிதில் கிடைக்காது. நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டிய கேமரா, பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III. ஒரு ரோலுக்கு 12 படம். ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் உள்நாட்டு ஃபிலிம் தந்தது. 12 படங்களை வைத்துக்கொண்டு யாரும் ரயிலையோ கொக்கையோ எடுக்கமாட்டார்கள். பொங்கலுக்கு இரண்டு, காதுகுத்துக்கு நான்கு, ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்துவார்கள். ரோல் முடிய மாதங்கள் ஆகும். பிறகு ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அதனால் தொழிற்பேட்டையாக மாறிக்கொண்டிருந்த வடசென்னையை அங்கு வாழ்ந்தவர்கள் எடுத்த படங்கள் அரிதாகிப்போயின. எண்ணூருக்கு வந்த லாரித் தொழிற்சாலை, 1955இல் திருவொற்றியூருக்கு வந்த புல்லட் மோட்டார்சைக்கிள் தொழிற்சாலை, விம்கோ தீப்பெட்டி ஆலை ஆகியவற்றில் வேலை பார்த்தவர்கள் வீட்டு விசேஷங்களின் ஓரத்தில் தெரிகிறார்களே தவிர, வேலை செய்யும் நேரத்தில் தெரிவதில்லை.

காட்டுயிர்ப் படக்கலையைச் சென்னையில் நிலைநிறுத்தியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே கட்டிய பெரிய கருவிக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயர் வைத்துக்கொண்டு, கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். யானையை மட்டுமல்ல, வீட்டு முற்றத்து அணிலையும் காக்கையையும் அதே அக்கறையோடு பார்த்தார் என்பதுதான் பின்வந்தவர்களுக்கு அவர் தந்த பாடம். 1978இல் தொடங்கிய மதராஸ் இயற்கை ஆர்வலர் சங்கத்தைப் போன்ற அமைப்புகள் வழியாக, பைனாகுலரும் குறிப்பேடுமாக வார இறுதியில் பழவேற்காட்டுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போகும் பழக்கம் வளர்ந்தது. கூழைக்கடாவும் பூநாரையும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு முன்னால் நிற்கும் படங்கள் அப்படித்தான் சேர்ந்தன.

ரயிலைப் படம் எடுப்பவர்கள் தனி இனம். வடசென்னை அவர்களுக்குப் புண்ணியத் தலம். மத்திய நிலையத்திலிருந்து புறப்படும் தடங்கள் பிரியும் பேசின் பிரிட்ஜ், தண்டையார்பேட்டை டீசல் ஷெட், ராயபுரம் மின்சார லோகோ ஷெட், கொருக்குப்பேட்டைச் சரக்குத் தடங்கள் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடக்கம். இவர்கள் எஞ்சினின் அழகை மட்டும் பார்ப்பதில்லை. எண், வகை, எந்த ஷெட்டைச் சேர்ந்தது, எந்த வண்டி, எத்தனை மணி என்று குறித்துக்கொள்வார்கள். எஞ்சினின் பக்கவாட்டில் அதன் ஷெட் பெயர் எழுதப்பட்டிருக்கும். ராயபுரத்தின் பெயரைத் தாங்கிய எஞ்சின்கள் டெல்லிவரை வண்டி இழுக்கின்றன. புதுடெல்லி நடைமேடையில் ராயபுரம் என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பூரிக்கும் ஒருவரை வேறு எந்தக் கூட்டத்திலும் காண முடியாது. 2004 ஜூலை 1 அன்று கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்றுபோனது. 1931 முதல் ஓடிய அந்தத் தடத்தின் கடைசி ஆண்டுகள் நமக்குப் படமாகக் கிடைப்பதற்கு இந்தக் குறிப்பேட்டு ஆர்வலர்களும் ஒரு காரணம்.

சட்டமும் குறுக்கே நின்றது. 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம், படைத்தளங்களையும் கப்பல் கட்டும் தளங்களையும் தடைசெய்யப்பட்ட இடங்களாகக் கொள்கிறது. ரயில் பாதை போன்றவற்றையும் அரசு அப்படி அறிவிக்கலாம். துறைமுகமும் ரயிலும் மின்நிலையமும் எண்ணெய் ஆலையும் நெருங்கிக் கிடக்கும் ஒரு நிலப்பகுதியில், கேமராவைத் தூக்கிய கை எந்நேரமும் காவலருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நடைமேடையில் நின்று எடுக்கலாமா கூடாதா என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு பதில் கிடைக்கும். அதனால் பலரும் பாலத்தின் மேலிருந்தும், தண்டவாளம் ஒட்டிய தெருவிலிருந்தும், ஓடும் வண்டியின் வாசலிலிருந்தும் எடுத்தார்கள். வடசென்னையின் ரயில் படங்களில் கம்பிவேலியும் மாடிச் சுவரும் அடிக்கடி தென்படுவது இதனால்தான்.

டிஜிட்டல் கேமரா விலைத் தடையை உடைத்தது. 2004இல் தொடங்கிய மெட்ராஸ் தினக் கொண்டாட்டமும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் உருவான சென்னை வீக்எண்ட் கிளிக்கர்ஸ் போன்ற குழுக்களும் தென்சென்னைக்காரர்களை ஞாயிறு விடியலில் வடக்கே கொண்டுவந்தன. ராயபுரம் நிலையத்தின் வெண்தூண்களும் காசிமேடும் அவர்களின் முதல் இலக்கு. 1984இல் இயங்கத் தொடங்கிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். விசைப்படகிலிருந்து கூடை கூடையாக இறங்கும் சங்கராவும் வஞ்சிரமும் ஐஸ்துகள் மின்ன ஈரத் தரையில் கொட்டப்படும். சுற்றி நிற்கும் பெண்களின் நடுவே ஏலக்காரர் குரல் நிற்காமல் ஓடும். குழல்விளக்கின் வெள்ளை ஒளியும் கிழக்கே வெளுக்கும் வானமும் கலக்கும் அந்த அரைமணி நேரத்துக்காகவே படக்காரர்கள் வருகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையோரம் நெருக்கி நிற்க, பழுதுபார்ப்பும் வண்ணப்பூச்சும் நடக்கும். அப்போது வேறு வகைப் படங்கள் கிடைக்கும். ஆனால் ஏலத்தில் முக்கால் நிமிடத்தில் முடிவாகும் விலைதான் அந்தப் பெண்களின் அன்றைய வருமானம். வழியை மறித்து லென்ஸை முகத்துக்கு நேராக நீட்டுகிறவரை அவர்கள் திட்டுவது நியாயமே. திரும்பத் திரும்ப வந்து, பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகி, எடுத்த படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குத்தான் நல்ல படம் அமைந்தது.

எண்ணூரில் படம் சாட்சியாக மாறியது. 1970இல் மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. ஆனால் அதற்குள் கொசஸ்தலையாற்றின் கழிமுகம் வேறாகிவிட்டது. 1990களில் வந்த வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், நிலக்கரிக் கிடங்குகள் எல்லாம் உப்பங்கழியை நெருக்கின. சதுப்பில் படிந்த சாம்பலையும் சுருங்கும் நீர்ப்பரப்பையும் உள்ளூர் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் தேதியோடு எடுத்துச் சேர்த்தார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளியால் கசடை அள்ளும் மனிதர்களின் படங்களை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் முகத்துவாரத்தில் பரவியது. வெள்ளை இறகு கறுத்து, சிறகு விரிக்க முடியாமல் நின்ற கூழைக்கடாக்கள் அழகான பறவைப் படம் தேடி அங்கே போய்ப் பழகியவர்களை உலுக்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

கேமரா கடைசியாகத்தான் இந்தத் தெருக்களில் பிறந்தவர்கள் கைக்கு வந்தது. கைபேசி அதில் பாதி வேலையைச் செய்தது. மீதியைச் செய்தவர்களில் ஒளிப்படக்கலைஞர் எம். பழனிக்குமார் முக்கியமானவர். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் பல ஆண்டுகள் பதிவுசெய்த அவர், வடசென்னையின் உழைக்கும் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஒளிப்படம் கற்றுக்கொடுத்தார். வெளியிலிருந்து வந்தவருக்கு ஏலமும் எண்ணெயும் காட்சி. வீட்டுக்குள்ளிருந்து எடுப்பவருக்கு அது அம்மாவின் கை, அப்பாவின் முதுகு. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடங்களை வரிசையில் நிற்கிறவரே எடுக்கும்போது கேமரா வைக்கும் உயரமே மாறிவிடுகிறது.

டிரைப்பின் மெழுகுக் காகிதப் படங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக உள்ளன. கிளிக் III காலத்து நெகட்டிவ்களின் கதை வேறு. பீரோவின் அடித்தட்டிலோ பிஸ்கட் டப்பாவிலோ கிடக்கும் அவற்றை உப்புக்காற்றும் பூஞ்சையும் அரிக்கின்றன. 2015 வெள்ளமும் 2023 வெள்ளமும் ஆல்பங்களைக் கூழாக்கின. ஈரமான படங்களை ஒன்றோடொன்று ஒட்டிக் காயவிட்டால் பிரிக்கவே முடியாது. உடனே சுத்தமான தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாக நிழலில் உலர்த்த வேண்டும். தப்பியவற்றை ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்துச் செய்வது நல்லது. தெருவின் பெயரும் தேதியும் படத்தில் இருப்பவரின் உறவும் பெரும்பாலும் அங்கேதான் பேனாவால் எழுதப்பட்டிருக்கும்.