டஸ்கீகி நகரின் வரலாறும் இயல்பும்

ஓர் ஊரின் பெருமை அதன் மாடமாளிகைகளின் உயரத்தாலும் மக்கட்டொகையின் பெருக்கத்தாலும் அளக்கப்படுவதன்று. அவ்வூரில் வாழ்வாருள் எவரெவர் ஊரார் என எண்ணப்பட்டனர், எவரெவர் எண்ணப்படாதொழிந்தனர் என்பதே அதன் இயல்பை உள்ளவாறு காட்டுவதாம். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலுள்ள டஸ்கீகி என்னும் சிற்றூர் சிறந்ததொரு சான்று. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பதினாயிரவர்க்கும் குறைந்த மக்களையே உடைய இவ்வூர், அலபாமா மாநிலத்து மேக்கன் கவுண்டியின் தலைமையிடமாகும். கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு. அதன் நீதிமன்றமும் நிலப்பதிவுகளும் வரித்தண்டலும் எவ்வூரில் அமைகின்றனவோ அவ்வூர் அதன் தலைமையிடம் எனப்படும். நடுவே ஒரு சதுக்கம், அதனையடுத்து நீதிமன்றம், சூழக் கடைகள் என்பது தென்னாட்டுத் தலைமையிடங்களின் வழக்கமான அமைப்பு. டஸ்கீகியும் அவ்வாறே அமைந்தது.

தோற்றம்

இந்நிலம் முன்னர் மஸ்கோகியர் என்னும் தொல்குடி மக்களுக்கு உரியதாயிருந்தது. 1832-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் செய்துகொள்ள நேர்ந்த கசீட்டா உடன்படிக்கையால் மிசிசிப்பி யாற்றின் கிழக்கே அவர்க்கிருந்த நிலவுரிமை அரசுக்குச் சென்றது. அவ்வாண்டே மேக்கன் கவுண்டி அமைக்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் தாமஸ் உட்வர்டு என்னும் படைத்தலைவர் டஸ்கீகியை வகுத்தமைத்தார். 1836-இல் மஸ்கோகியர் படைவலியால் மேற்றிசைக்குப் போக்கப்பட்டனர். ஊரின் பெயர் அவர்தம் மொழியினின்று வந்ததே. போர்வீரர் என்னும் பொருளது என்பர். பெயர் நின்றது; பெயரிட்டவர் நின்றிலர்.

அவர் நீங்கிய நிலத்திற் பருத்தி பயிரிடப்பட்டது. உழுதவரும் பறித்தவரும் அடிமைகளாகக் கொணரப்பட்ட கறுப்பின மக்கள். கவுண்டியில் அவரே பெரும்பான்மையினர். ஆயினும் சட்டத்தின் முன் அவர் உடைமைப்பொருளேயன்றி ஊரார் அல்லர். உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து அடிமைத்தளை அறுந்தபின் சில்லாண்டுகள் அவர்க்கு வாக்குரிமை கிட்டிற்று.

கல்விச்சாலை

அவ்வாக்குரிமையின் பயனாகப் பிறந்ததே டஸ்கீகிக் கல்விச்சாலை. முன்னர் அடிமையாயிருந்து தகரவேலையில் தேர்ந்த லூயிஸ் ஆடம்சு என்பார், தேர்தலிற் கறுப்பினத்தார் வாக்குகளை நாடிவந்த வெள்ளையர் ஒருவரிடம், அவ்வுதவிக்கு ஈடாகத் தம் மக்கட்கு ஒரு பள்ளி வேண்டும் எனக் கேட்டார். அவ்வாறே மாநில மன்றம் ஆசிரியர் ஊதியத்திற்கென ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கிற்று. நிலமும் கட்டடமும் ஒதுக்கப்படவில்லை. 1881-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், அடிமையாய்ப் பிறந்து அகவை இருபத்தைந்தளவினரான புக்கர் டி. வாஷிங்டன், ஒரு கோயிலையடுத்த பழங்குடிசையில் முப்பது மாணவருடன் பள்ளியைத் தொடங்கினார். பின்னர்ப் பாழ்பட்ட ஒரு பருத்தித் தோட்டம் விலைக்கு வாங்கப்பட்டது. மாணவர் தம் கையாலேயே செங்கல் அறுத்துச் சூளையிட்டனர். முதல் மூன்று சூளைகளும் கெட்டன. வாஷிங்டன் தம் கைக்கடியாரத்தை ஈடுவைத்துப் பெற்ற பொருளால் நான்காவது சூளை நன்கு வெந்தது. அச்செங்கற்களை ஊரிலிருந்த வெள்ளையரும் வந்து வாங்கிச் சென்றனர்.

1896-இல் அங்கு வந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், பருத்தியால் உரமிழந்த மண்ணுக்கு நிலக்கடலையும் தட்டைப்பயறும் மாற்றுப்பயிராகும் என ஏழை உழவர்க்கு உணர்த்தினார். 1906-இல் ஒரு வண்டியே வேளாண்பள்ளியாக ஊரூராகச் சென்றது.

தொழிலாற் பொருளும் மதிப்பும் பெற்றபின் உரிமை தானே வரும் என்பது வாஷிங்டன் கொள்கை. உரிமையின்றி ஈட்டிய பொருளும் நிலையாது என டூபாய்ஸ் என்னும் அறிஞர் 1903-இல் மறுத்தார். இவ்விரு கொள்கைகளுள் எது பொருந்துவது என்பதற்கு இவ்வூரின் பின்னை வரலாறே விடைகூறுகின்றது. 1901-ஆம் ஆண்டு அலபாமா அரசியற் சட்டம் வாக்குவரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் கறுப்பினத்தாரிற் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தது.

இழைக்கப்பட்ட தீங்கு

1932 முதல் 1972 வரை நாற்பதாண்டுகள், நாட்டின் பொதுநலவாழ்வுத் துறை இக்கவுண்டியின் கறுப்பின ஆடவர் ஏறத்தாழ அறுநூற்றுவரைத் தன் ஆராய்ச்சிக்கு ஆளாக்கிற்று. அவருள் 399 பேர் மேகநோயுற்றவர். மருத்துவம் செய்வதாகக் கூறி, நோய் தானே முற்றும் வகையை நோக்கியிருந்தனர். 1940-களின் பிற்பகுதியிற் பென்சிலின் என்னும் நன்மருந்து பரவிய பின்னும் அஃது அவர்க்குத் தரப்படவில்லை. கல்விச்சாலையின் மருத்துவமனையும் இதற்கு இடங்கொடுத்தது என்பது மறைத்தற்குரியதன்று. 1997-இல் நாட்டுத் தலைவர் கிளிண்டன் அரசின் சார்பில் மன்னிப்பு வேண்டினார். அப்போது உயிரோடிருந்தவர் சிலரே.

எல்லைக்கோடு

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இவ்வூரிற் பயின்ற கறுப்பின வானோடிகள் ஆயிரவர்க்குச் சற்றே குறைந்தவர். வானிற் போர்செய்யத் தகுதியுடையார்க்கும், கல்லூரியிற் பாடஞ் சொல்லும் ஆசிரியர்க்கும், தம்மூரில் வாக்களிக்கும் தகுதி இல்லையென்று பதிவாளர் தள்ளினர். எனினும் 1957-இல் ஏறத்தாழ நானூற்றுவர் பதிவுபெற்றுவிட்டனர். அது கண்ட மாநில மன்றம், சதுரமாயிருந்த நகரெல்லையை இருபத்தெட்டுப் பக்கங்களுடைய கோணல் வடிவாக மாற்றிற்று. நான்கைந்து பேரொழியக் கறுப்பின வாக்காளர் அனைவரும் எல்லைக்கு வெளியே விடப்பட்டனர். வெள்ளையருள் ஒருவரும் நீங்கவில்லை. கல்விச்சாலையும் எல்லைக்கு வெளியேயாயிற்று. வீடும் தெருவும் இருந்தவாறே இருக்க, ஊர் மட்டும் அவரைவிட்டு நீங்கியது.

ஆசிரியர் சார்லசு கோமிலியன் தலைமையில் மக்கள் வெள்ளையர் கடைகளிற் பொருள் வாங்குதலைத் தவிர்த்தனர், வழக்கும் தொடுத்தனர். 1960-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நாட்டின் உச்ச நீதிமன்றம் மாறுபாடின்றி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நகரெல்லை வகுப்பது மாநிலத்தின் உரிமையாயினும், இனம்பற்றி வாக்கைப் பறித்தற்கு அவ்வுரிமை கருவியாதல் கூடாது என்பது தீர்ப்பின் கருத்து. அந்நாள் வாஷிங்டன் மறைந்து சரியாக நாற்பத்தைந்தாண்டு நிறைந்த நாளாகும்.

எனினும் அமைதி உடனே வந்திலது. 1963-இற் பதின்மூன்று கறுப்பின மாணவர் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தபோது வெள்ளை மாணவர் அனைவரும் விலகினர். 1966-ஆம் ஆண்டு ஜனவரியில் சாமி யங் என்னும் இருபத்தொரு வயது மாணவர், வெள்ளையர்க்கென ஒதுக்கிய கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றமைபற்றி எழுந்த பூசலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் விடுதலை பெற்றார். அவ்வாண்டே லூசியஸ் அமர்சன் என்னும் கறுப்பினத்தவர் கவுண்டியின் காவற்றலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1972-இல் ஜானி போர்டு நகரத்தலைவரானார். வெள்ளையருட் பலர் ஊரைவிட்டு நீங்கினர், வாணிகமும் குன்றியது.

இவ்வரலாற்றை நோக்குங்கால், சூளையின் செங்கலும் கார்வரின் ஆராய்ச்சியும் இம்மக்கட்கு மதிப்பைத் தந்தன என்பதும், அம்மதிப்பு ஒரு மைக்கோட்டைத் தடுக்கவும் போதாதாயிற்று என்பதும் ஒருங்கே விளங்கும். ஆயினும் அக்கோட்டை அழிக்க வழக்குமன்றம் ஏறியவர் அக்கல்விச்சாலையின் ஆசிரியரே. ஆதலின் கல்வியும் உரிமையும் ஒன்றற்கொன்று பகையாகா. ஒன்றின்றி மற்றொன்று நிலைபெறாது. ஊரில் வாழ்வாரையெல்லாம் ஊரார் என ஏற்கும் அறம் கால்கொண்ட பின்னரே ஓர் ஊர் ஊராகும் என்பது டஸ்கீகி உணர்த்தும் உண்மையாம்.