டர்போ கார்களில் எரிபொருள் பம்ப்: மாற்றங்களின் வரலாறு

டர்போ பொருத்திய ஸ்போர்ட்ஸ் கார்களின் திறனைக் கூட்டும் முயற்சியில் பெயர் பெற்றது டர்போ சார்ஜர். அந்த முயற்சி எந்த அளவோடு நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது எரிபொருள் பம்ப். பெட்ரோல் டேங்கினுள் மூழ்கிக் கிடக்கும், ஒரு கைக்குள் அடங்கிவிடும் இந்தச் சிறிய மோட்டார் போதிய பெட்ரோலை அனுப்பத் தவறியதால் உருகிப்போன பிஸ்டன்கள் ஏராளம். 1980களில் அமெரிக்காவிலும் 1990களில் ஜப்பானிலும் கார்களைத் திருத்தியமைத்தோர், பெரிய டர்போவுக்கு முன்பே பெரிய பம்பை வாங்கப் பழகியதன் பின்னணி இதுவே.

பம்ப் ஏன் முக்கியம்?

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. டர்போ எஞ்சின் முழு வேகத்தில் உழைக்கும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. அப்போது ஒரு கிராம் பெட்ரோலுக்கு 11 முதல் 12 கிராம் காற்று என்ற அளவில், தேவைக்கு மேலாகவே பெட்ரோல் தரப்படும். எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் வீண் போவதில்லை. அது ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிச் சிலிண்டரைக் குளிர்விக்கிறது.

டர்போ என்பது எஞ்சினுக்குப் பூட்டிய துருத்தி. கொல்லன் உலையில் துருத்தியை எவ்வளவு அழுத்தினாலும் கரி இல்லாவிட்டால் இரும்பு காயாது, அவ்வளவுதான். எஞ்சினில் நிலைமை இதைவிடக் கடுமையானது. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் வெப்பம் அளவு மீறும். தீப்பொறி பற்ற வைத்த கலவையின் எஞ்சிய பகுதி தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது இதைத்தான். சில நொடிகளிலேயே பிஸ்டனின் தலை துளைபடலாம், ஹெட் கேஸ்கட் கிழியலாம்.

இதில் வஞ்சகமான செய்தி ஒன்று உண்டு. பம்பின் பற்றாக்குறை நகரச் சாலையில் வெளியே தெரியாது. அங்கே எஞ்சின் கேட்கும் பெட்ரோல் மிகக் குறைவு. டர்போ முழு அழுத்தம் தரும், எஞ்சின் உச்சச் சுழற்சியை நெருங்கும் அந்த ஒரு கணத்தில்தான் பம்ப் கைவிடும்.

புவியீர்ப்பிலிருந்து மின்சாரத்துக்கு

தொடக்கக் காலக் கார்களில் பம்பே கிடையாது. ஃபோர்டு மாடல் டி காரில் டேங்க் இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தானாகவே வழிந்து கார்புரேட்டருக்குச் சென்றது. டேங்கில் பெட்ரோல் குறைந்த நிலையில் செங்குத்தான மேட்டில் ஏறினால், எஞ்சின் டேங்கைவிட உயரத்துக்குப் போய் ஓட்டம் நின்றுவிடும். எனவே ஓட்டுநர்கள் காரைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் மேடு ஏறினர். இது கட்டுக்கதை அன்று; அக்கால ஓட்டுநர்களுக்கு வழக்கமாகிப் போன உத்தி.

பின்னர் கேம் தண்டால் இயங்கும், ரப்பர் துணிச் சவ்வு கொண்ட இயந்திரப் பம்ப் பரவலானது. அது தந்த அழுத்தம் 0.2 முதல் 0.35 பார் வரை மட்டுமே. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தை நிரப்ப அது போதும் என்பதால் பல பத்தாண்டுகள் யாரும் குறை சொல்லவில்லை.

டர்போவுக்கான காப்புரிமையைச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ஆம் ஆண்டே பெற்றிருந்தாலும், விற்பனைக்கு வந்த கார்களில் அது இடம் பிடித்தது 1962இல்தான். அவ்வாண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடர், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் ஆகிய இரண்டு டர்போ கார்களை வெளியிட்டது. இரண்டிலும் கார்புரேட்டர் டர்போவுக்கு முன்னால் இருந்ததால் பழைய பம்பே போதுமானதாயிற்று.

ஜெட்ஃபயரின் 3.5 லிட்டர் எஞ்சினில் நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவம் தனிக் கலத்திலிருந்து செலுத்தப்பட்டது. அந்தக் கலத்தை நிரப்புவது உரிமையாளரின் பொறுப்பு. பலர் நிரப்பவில்லை. கலம் காலியானால் டர்போவின் அழுத்தத்தைக் குறைத்து எஞ்சினைக் காக்கும் ஏற்பாடு காரிலேயே இருந்தது. ஆனால் எதிர்பார்த்த வேகம் கிடைக்காத உரிமையாளர்கள் சலிப்படைந்தனர். பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரே பொருத்தப்பட்டது. 1963உடன் ஜெட்ஃபயர் தயாரிப்பு நின்றது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால்தான் டர்போ நிலைக்கும் என்ற பாடம் இங்கேயே தொடங்கிவிட்டது.

டர்போவுக்குப் பின்னால் கார்புரேட்டரை வைத்த கார்களில் வேறு சிக்கல் எழுந்தது. 1980இல் வந்த லோட்டஸ் எஸ்ப்ரிட் டர்போ, 1981இல் வந்த மசெராட்டி பைடர்போ ஆகியவை இவ்வகையின. இவற்றில் டர்போ தரும் காற்றழுத்தம் கார்புரேட்டருக்குள்ளேயே நிற்கும். பெட்ரோலின் அழுத்தம் அதைவிடக் குறைவானால் ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. ஆகவே டர்போவின் அழுத்தம் ஏற ஏறப் பெட்ரோலின் அழுத்தமும் உடன் ஏற வேண்டும் என்ற விதி உருவாயிற்று. இன்ஜெக்ஷன் முறையிலும் இதே விதி தொடர்கிறது.

இன்ஜெக்ஷன் பரவியபோது மின்சாரப் பம்ப் தவிர்க்க இயலாததாயிற்று. போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரிலும், கே-ஜெட்ரானிக் 1970களில் போர்ஷே 911 டர்போவிலும் இடம் பெற்றன. நாளடைவில் பம்ப் டேங்கினுள்ளேயே இறங்கியது. பெட்ரோலுக்குள் மின் மோட்டார் சுழல்வது கேட்பதற்கு அச்சமூட்டும். ஆனால் பெட்ரோலில் மூழ்கிய மோட்டாரைச் சுற்றித் தீப்பற்றப் போதிய காற்று இல்லை. அதன் வழியே ஓடும் பெட்ரோலே அதைக் குளிர்வித்தும் விடுகிறது. டேங்க் எப்போதும் காலியாகும் நிலையிலேயே ஓடும் காரில் பம்ப் சீக்கிரம் பழுதாவதற்கு இந்தக் குளிர்ச்சி குறைவதும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் பியூக்: கம்பியே குற்றவாளி

1986, 1987ஆம் ஆண்டுகளின் பியூக் கிராண்ட் நேஷனல் கார் 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின் கொண்டது. 1987 மாதிரியின் திறன் 245 குதிரைத்திறன். 547 கார்கள் மட்டுமே தயாரான ஜிஎன்எக்ஸ் என்ற சிறப்பு வகைக்கு 276 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் சிப்பை மாற்றினால் இதற்கும் மேலே போகலாம் என்பதை இளைஞர்கள் விரைவில் கண்டுபிடித்தனர். ஹெட் கேஸ்கட்டுகள் வெடிக்கத் தொடங்கின.

பம்பைப் பெரிதாக்கிய பின்னும் சிலருக்குச் சிக்கல் தீரவில்லை. காரணம் மின்கம்பியில் இருந்தது. மின்னழுத்தம் குறைந்த மாலை வேளையில் கிணற்று மோட்டார் எப்படி முனகுமோ, அதே நிலைதான் இங்கும். எஞ்சின் பகுதியிலிருந்து காரின் பின்புற டேங்க் வரை நீண்ட மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் வழியிலேயே இழக்கப்பட்டது. 13.5 வோல்ட்டில் சோதித்துச் சொல்லப்பட்ட பம்பின் அளவு, இரண்டு வோல்ட் குறைந்தால் கணிசமாகச் சரியும். தடித்த கம்பியை ரிலே ஒன்றின் வழியாக நேரடியாகப் பம்புக்குக் கொண்டுசெல்லும் ‘ஹாட் வயர்’ முறை இவ்வாறு பியூக் பிரியர்களிடையே வழக்கமாயிற்று. விலையுயர்ந்த பம்பைவிடச் சில மீட்டர் கம்பி அதிகப் பயன் தந்த நேரங்கள் உண்டு.

ஜப்பானின் 280 குதிரைத்திறன்

இந்த வரலாற்றின் செழுமையான பகுதி ஜப்பானுக்கு உரியது. எந்தக் காரையும் 280 குதிரைத்திறனுக்கு மேல் விற்பதில்லை என்று 1989இல் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டனர். சட்டமாக எழுதப்படாத இந்த ஏற்பாடு 2004இல் ஹோண்டா லெஜண்ட் 300 குதிரைத்திறனுடன் வெளிவரும் வரை நீடித்தது.

ஒப்பந்தம் தாளில் இருந்தது. எஞ்சின்கள் அதற்கேற்பச் சுருங்கவில்லை. 1989இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் 2,568 கன செ.மீ. இரட்டை டர்போ எஞ்சின், ‘குரூப் ஏ’ பந்தயத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. பந்தய வடிவில் அதே எஞ்சின் 500க்கும் மேற்பட்ட குதிரைத்திறன் தந்தது. ஜப்பான் டூரிங் கார் பந்தயத் தொடரில் 1990 முதல் 1993 வரை ஓடிய 29 பந்தயங்களிலும் இந்தக் காரே வென்றது. சாலைக்கான காரில் டர்போவின் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருந்தது, குழாயில் செருகியிருந்த ஒரு சிறு அடைப்பு. அதை எடுத்துவிட்டால் அழுத்தம் தானே ஏறும், செலவும் இல்லை.

பம்பின் கணக்கு அவ்வளவு தாராளமானது அன்று. முழு உழைப்பில் ஒரு டர்போ எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் பெட்ரோல் தேவை என்று கொள்வது வழக்கம். அப்படியானால் 280 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 100 லிட்டர். 500 குதிரைத்திறனுக்குச் சுமார் 180 லிட்டர். கணக்கு இதோடு முடிவதில்லை. பெட்ரோல் குழாயின் அடிப்படை அழுத்தம் 3 பார் எனில், டர்போ 1 பார் தரும்போது அது 4 பார் ஆக வேண்டும். அழுத்தம் கூடினால் எந்தப் பம்பும் தரும் அளவு குறையும். அதாவது எஞ்சின் மிக அதிகமாகக் கேட்கும் நேரமே பம்ப் மிகக் குறைவாகத் தரும் நேரம். தொழிற்சாலைப் பம்ப் 280ஐ மனத்தில் வைத்து, ஓரளவு மிச்சத்துடன் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த மிச்சம் எங்கே தீர்கிறது என்பதைப் பலர் எஞ்சினை இழந்தே அறிந்தனர்.

1973இல் தொடங்கப்பட்ட எச்கேஎஸ் போன்ற ஜப்பானிய உதிரிப்பாக நிறுவனங்களும், நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோவும் பெரிய பம்புகளை விற்றன. கையில் காசு குறைந்தவர்கள் வேறு வழி கண்டனர். ஜிடி-ஆர் காரின் பம்பைக் கழற்றி நிசான் சில்வியாவில் பொருத்தினர்; 1993இல் அறிமுகமான டொயோட்டா சுப்ரா டர்போவின் டென்சோ பம்பை எம்ஆர்2 டர்போவில் பொருத்தினர். பெரிய காரின் சாதாரணப் பாகம் சிறிய காரின் சிறப்புப் பாகமாயிற்று.

வால்ப்ரோ 255

அமெரிக்காவில் இந்த இடத்தைப் பிடித்தது வால்ப்ரோ. மிச்சிகன் மாநிலத்தில் 1950இல் தொடங்கி, புல்வெட்டி, மரம் அறுக்கும் ரம்பம் போன்ற சிறு எஞ்சின்களுக்குக் கார்புரேட்டர் செய்து பெயர் பெற்ற நிறுவனம் அது. அதன் மணிக்கு 255 லிட்டர் பம்ப் டேங்கினுள் அடங்கியது, விலையும் மலிவு. மிட்சுபிஷி எக்ளிப்ஸ் டர்போ முதல் சுபாரு இம்ப்ரெசா வரை அது பரவியது. பெயர் பரவியதும் போலிகளும் சந்தைக்கு வந்தன.

பெரிய பம்ப் மாட்டினால் போதும் என்ற நம்பிக்கையை உடைத்தது எக்ளிப்ஸ்தான். இன்ஜெக்டர் பயன்படுத்தாத பெட்ரோல், அழுத்தச் சீராக்கி வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும். முதல் தலைமுறை எக்ளிப்ஸின் சீராக்கி சிறிய பம்புக்காகச் செய்யப்பட்டது. புதிய பம்ப் தள்ளிய பெட்ரோல் முழுவதையும் அதனால் திருப்பி அனுப்ப முடியவில்லை. விளைவாக, கார் சும்மா நிற்கும்போது அழுத்தம் ஏறி, பெட்ரோல் மிகுந்து, கரும்புகை வந்தது. உச்ச வேகத்தில் பட்டினி கிடந்த எஞ்சின் இப்போது நின்ற இடத்தில் அஜீரணப்பட்டது. சரிசெய்யக்கூடிய சீராக்கியை உடன் வாங்க வேண்டியதாயிற்று.

2000களில் 85 விழுக்காடு வரை எத்தனால் கலந்த ஈ85 எரிபொருள் அமெரிக்காவில் டர்போ பிரியர்களை ஈர்த்தது. அது நாக்கிங்கை நன்கு தாங்கும். ஆனால் அதே காற்றுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஊற்ற வேண்டும். நேற்று வரை பெரிதாகத் தெரிந்த 255 லிட்டர் பம்ப் மீண்டும் சிறிதாயிற்று. டேங்கினுள் இரண்டு பம்புகளை அருகருகே வைக்கும் பழக்கம் வளர்ந்தது.

டேங்கிலிருந்து கேம் தண்டுக்கு

சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்தபின் சிக்கலின் இடம் மாறியது. இங்கே டேங்கின் பம்ப் முதல் கட்டம் மட்டுமே. கேம் தண்டால் இயங்கும் உயர் அழுத்தப் பம்ப் ஒன்று அதை 200 பார் வரை உயர்த்துகிறது. 2006இல் வந்த பிஎம்டபிள்யூவின் ‘என்54’ இரட்டை டர்போ எஞ்சினில் இந்த உயர் அழுத்தப் பம்ப் பழுதானதால், 2010இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,30,000 கார்களை அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. இவ்வகைப் பம்பை வெளிச்சந்தையில் பெரிதாகச் செய்வது எளிதன்று. எனவே திருத்தியமைப்போர் பலர் உறிஞ்சு குழாயில் கூடுதல் இன்ஜெக்டர்களைப் பொருத்தி, எஞ்சினின் பசியில் ஒரு பகுதியைப் பழைய முறையிலேயே தீர்க்கின்றனர்.

2002இல் நின்றுபோன டொயோட்டா சுப்ரா, 2019இல் மீண்டும் வந்தபோது அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் பிஎம்டபிள்யூவின் ‘பி58’ ஆக இருந்தது. பழைய சுப்ராவில் பின்புற டேங்கைத் திறந்து பம்பை மாற்றியவர்கள், புதிய சுப்ராவில் ஈ85 ஊற்ற விரும்பினால் முன்புற மூடியைத் திறந்து உயர் அழுத்தப் பம்பைக் கழற்ற வேண்டியிருக்கிறது.