பத்து ரூபாயில் பிறந்த பாதசரம்

இணுவிலில் வெள்ளி விளையாது, புகையிலைதான் விளையும். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்துச் செம்மண்ணில் வளர்த்த புகையிலை, பாடம் செய்யப்பட்டு, கப்பலேறித் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே வெற்றிலை போடுகிற வாய்களுக்கு யாழ்ப்பாணப் புகையிலை இல்லாமல் சரிப்படாது. போன சிப்பங்களுக்குப் பதிலாக வெள்ளி ரூபாய் வந்தது. 1872 இல் இலங்கை ரூபாய்–சதக் கணக்குக்கு மாறிய பிறகும் சந்தையில் கைமாறிய ரூபாய் இந்தியாவில் அடித்ததுதான். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. காசையே படிக்கல்லாக வைத்து நிறுக்கலாம்.

அப்படி வந்த பத்து ரூபாயின் கதை இது. ஒரே வீட்டில் நடந்ததல்ல. வலிகாமத்துப் பல வீடுகளின் கதையை ஒரு சோடிப் பாதசரத்தில் கோத்திருக்கிறேன்.

பத்தும் பத்தரின் மூசைக்குள் போயின. ஏறத்தாழ 900 பாகை சூட்டில் மகாராணி உருகினாள். வார்த்தெடுத்ததைக் கம்பியாக இழுத்து, வளையங்களாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, மூட்டுக்கு மூட்டு வெண்காரம் தொட்டு ஊதுகுழலால் ஊதிப் பற்றவைத்தார் பத்தர். நெருப்பை விட்டு வெளியே வரும் வெள்ளி வெள்ளையாக வராது, கறுத்துத்தான் வரும். அது செம்பு செய்கிற வேலை. மேற்பரப்பில் கிடக்கும் செம்பு சூட்டில் காற்றோடு சேர்ந்து ஒட்சைட்டாகிறது. புளித்தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் புளி அந்தச் செம்பைக் கரைத்துவிடும். வெளியே சுத்த வெள்ளித் தோல் மட்டும் பாலாடை மாதிரி மங்கலாக நிற்கும். பிறகு பூந்திக்கொட்டை நுரையில் பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் மினுக்கம் வரும்.

இந்தக் கறுப்புக்குப் புளி போதும். பின்னால் வந்த கறுப்பு வேறு சாதி. செம்பும் பித்தளையும் மின்னுகிறதே என்று பாதசரத்தையும் புளியில் ஊறப்போட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்தவர்கள்.

காலுக்குப் பொன் ஆகாது, அது மகாலட்சுமி என்பார்கள். அதனால் எவ்வளவு பவுண் உள்ள வீட்டிலும் கணுக்காலுக்கு வெள்ளிதான். 1898 இல் அமெரிக்க மிசன் இணுவிலில் தொடங்கிய மக்லியொட் ஆஸ்பத்திரியில் பிறந்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து வெள்ளி அரைஞாண் கட்டிய பெண் பிள்ளை, நடக்கத் தொடங்கி வளர்ந்ததும் பாட்டியாரின் பாதசரத்துக்கு உரித்தாளியானாள். கந்தசுவாமி கோவில் மஞ்சத் திருவிழாவுக்கும் அதோடுதான் போனாள். பள்ளிக்கூடம், கிணற்றடி, தோட்டம் எங்கும் அது காலில் கிடந்தது. அந்த ஆண்டுகளில் யாரும் அதை மினுக்கவில்லை, மினுக்கத் தேவையும் வரவில்லை. தோலிலும் பாவாடைக் கரையிலும் உரஞ்சுப்பட்டே அது வெள்ளையாக இருந்தது.

கலியாணம் முடிந்து அலுமாரிக்குள் போனதும் கறுத்தது. வீட்டில் உடனே நாவூறு என்றார்கள். பிள்ளைக்கு உடம்பில் ஏதோ சுகமில்லை, வெள்ளி முன்கூட்டியே காட்டுகிறது என்றும் ஒரு கதை உண்டு. நாவூறு கழிக்க மிளகாய் சுற்றுவதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் வெள்ளியின் மீது பழி போடுவது நியாயமில்லை. காற்றில் மிக மிகச் சிறிதளவு ஐதரசன் சல்பைட்டு எப்போதும் இருக்கிறது. சேற்றுக் குட்டையும் சாக்கடையும் அழுகுகிற முட்டையும் அதை விடுகின்றன. அதிலுள்ள கந்தகத்தை வெள்ளி பிடித்துக்கொள்கிறது. ஈரம் கூடினால் வேகமும் கூடும். முதலில் மஞ்சள், பிறகு தவிட்டு நிறம், கடைசியில் கறுப்பு. நிறம் மாறுவது படலம் தடிப்பதால்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு வியாதி கிடையாது.

அந்தப் படலத்தின் பெயர் வெள்ளிச் சல்பைட்டு. அதன் எடையில் 87 சதவீதம் வெள்ளி. அழுக்கு என்று நாம் உரஞ்சி எறிவதில் பெரும்பங்கு நகைதான். திருநீறு, அடுப்புச் சாம்பல், பற்பொடி எல்லாம் நன்றாகவே வேலை செய்யும். கறுப்பைச் சுரண்டி எடுப்பதால்தான் செய்யும். வெள்ளியின் வன்மை மோ அளவுகோலில் இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில். சாம்பலில் கலந்திருக்கும் மணற்சத்தான சிலிக்கா ஏழு வரை போகும். அதனால் கறுப்போடு கீழே உள்ள வெள்ளியும் கொஞ்சம் கீறப்பட்டுப் போகிறது. பற்பசையும் இதே கதைதான், வாசம் மட்டும் நல்லது. மூன்று தலைமுறை தைப்பொங்கலுக்குப் பொங்கல் சாம்பலால் மினுக்கிய பாதசரத்தில் பூவேலை மழுங்கியிருந்தால், தேய்த்தது கால் மட்டுமல்ல.

1990 இல் போரோடு பொருளாதாரத் தடையும் வந்தது. சவர்க்காரம் அருமையாகி, உடுப்புத் துவைக்கப் பனம்பழம் பிழிந்த காலம். அப்போது யாருக்கும் பாதசரத்தின் கறுப்பு ஒரு கவலையாக இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் மழைக்குள் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர் நெருக்கியடித்துப் போகும் பாதையில் நகையும் வெள்ளிச் செம்பும் தூக்கிப் போவது புத்தியல்ல. கொல்லையைத் தோண்டிப் புதைத்துவிட்டுப் போன வீடுகள் ஏராளம். நம்முடைய சோடியும் பால்மாப் பேணிக்குள் போய், மூடி கழலாமல் இருக்கப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டி, தென்னையடியில் முழங்கை ஆழத்தில் இறங்கியது.

தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்ற கவலைதான் அந்தக் கட்டுக்குக் காரணம். ஆனால் றப்பரை வலுவாக்குவதற்குக் கந்தகம் சேர்ப்பார்கள். சுற்றிய றப்பர் மெல்லக் கந்தகம் விட, மூடிய பேணிக்குள் மாரி ஈரம் சேர, வெள்ளிக்கு அதைவிட மோசமான அறை கிடைத்திராது. அலுமாரியில் நகைப் பெட்டியை றப்பர் வளையம் போட்டு மூடுகிறவர்கள் இதை ஒரு முறை யோசிக்கலாம்.

1996 ஏப்ரல், மே மாதங்களில் சனம் திரும்பி வந்து, தென்னையை அடையாளம் வைத்துத் தோண்டியது. பேணி துருப்பிடித்து இற்றிருந்தது. உள்ளே கரிக்கட்டி நிறத்தில் ஒரு சுருள். தாய் சாம்பலைக் கையில் எடுத்துவிட்டாள். உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்த மகள்தான் மறித்தாள்.

“அம்மா, உரஞ்சாதேங்கோ. அந்தக் கறுப்புக்குள்ளயும் வெள்ளிதான் கிடக்கு.”

“அப்ப அதை எப்பிடியடி வெளியில எடுக்கிறது?”

“பழைய அலுமினியச் சட்டி ஒண்டு தாங்கோ. கொஞ்சம் அப்பச்சோடாவும்.”

மின்னிரசாயனத் தொடரில் அலுமினியம் வெள்ளிக்கு மேலே நிற்கிறது. இலத்திரனை விட்டுக்கொடுக்க அலுமினியத்துக்கு ஆசை அதிகம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டபடி சோடாத் தண்ணீருக்குள் கிடந்தால், அலுமினியம் விட்ட இலத்திரனை வாங்கிக்கொண்டு சல்பைட்டு மறுபடி வெள்ளியாகிறது. கந்தகம் தண்ணீருக்குள் இறங்குகிறது. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஒட்சைட்டுத் தோல் மூடியிருக்கும்; அதை அரித்துத் திறந்துவிடுவது சோடாவின் வேலை. சட்டியில்லாதவர்கள் ஒரு கோப்பையின் அடியில் அலுமினியத் தாளை விரிக்கலாம். ஒரு லீற்றர் கொதிநீருக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா, ஒரு சிட்டிகை உப்பு. ஆறின தண்ணீரில் இது நகராது, கொதிக்கவே ஊற்றவேண்டும். ஊற்றியதும் நுரைக்கும், அழுகின முட்டை நாற்றம் எழும். அந்த நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். யன்னலைத் திறந்துவிட்டால் போதும்.

பாதசரத்தில் ஒரு சில்லெடுப்பு உண்டு. வளையங்கள் ஒன்றோடொன்று தளர்வாகத் தொங்குவதால் மின்னோட்டம் எல்லா வளையத்துக்கும் ஒழுங்காகப் போகாது. அலுமினியத்தைத் தொட்டுக் கிடக்கிற பக்கம் சில நிமிடத்தில் வெளுக்கும், மேலே நிற்கிறது கறுப்பாகவே நிற்கும். மரக்கரண்டியால் புரட்டிப் புரட்டிப் போடவேண்டும். தடித்த கறுப்பானால் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி புதிதாகச் செய்யவேண்டும். வெளியே எடுக்கும்போது பளபளப்பு வராது. திரும்பி வந்த வெள்ளி நுண்ணிய துளைகளோடு படிவதால் மங்கலாகத்தான் இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் துடைத்து, பருத்தித் துணியால் மெதுவாக உரஞ்சினால் மினுங்கும்.

எல்லாவற்றையும் இப்படிச் சட்டிக்குள் தள்ளவும் கூடாது. முத்தும் பவளமும் சோடாவுக்கும் கொதிநீருக்கும் ஆகாது. ஒட்டிப் பதித்த கல் கழன்றுவிடும். உள்ளே அரக்கு நிரப்பிய நகை இளகும். வேலைப்பாடு எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றே பள்ளங்களைக் கறுப்பித்த நகையை இதில் போட்டால், பத்தர் வைத்த கறுப்பும் சேர்ந்து போய்விடும்.

மகளின் மகள் ரொறொன்ரோவில் இருக்கிறாள். பாதசரமும் கூடவே போயிருக்கிறது. அங்கே கடைகளில் திரவப் போத்தல் விற்கிறார்கள். முக்கி எடுத்தால் சில விநாடிகளில் வெள்ளை. அதற்குள் இருப்பது அமிலமும் தயோயூரியாவும். அவை சல்பைட்டைக் கரைத்து எடுத்துவிடும். அதிலிருந்த வெள்ளி நகைக்குத் திரும்பி வராது, போத்தலோடு போய்விடும். அவசரத்துக்கு ஒருநாள் சரி. மாதாமாதம் முக்குகிறவர்களுக்குச் சாம்பலே பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

அங்கே போனபின் அது முன்னைவிடக் கெதியாகக் கறுக்கிறதாம். கனடாக் குளிரைக் குற்றம் சொல்வதற்கு முன் காலுறையைப் பார்க்கவேண்டும். கம்பளி ஆட்டுமயிர், மயிரில் கந்தகம் உண்டு, பனிக்காலம் முழுக்க சப்பாத்துக்குள் வியர்வையோடு கம்பளி வெள்ளியை அணைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் பேர்த்தி நவம்பரில் கழற்றி, கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, ஒரு துண்டுச் சோக்கோடு சிப் பையில் காற்றை அமத்தி மூடிவைக்கிறாள். சோக்கு ஈரத்தை இழுக்கும். மே மாதம் செருப்புப் போடத் தொடங்கும்போது மறுபடி காலுக்கு வருகிறது.