தி ஆபிஸ்: நான்காம் பருவமும் ஹோம் வீடியோ பங்குத்தொகையும்

'தி ஆபிஸ்' என்பது ஒரு காகித விற்பனை நிறுவனத்தின் கிளை அலுவலகத்தைக் களமாகக் கொண்ட அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர். என்பிசி தொலைக்காட்சியில் 2005 மார்ச் 24 முதல் 2013 மே 16 வரை ஒன்பது பருவங்களாக ஒளிபரப்பாயிற்று. இதன் நான்காம் பருவத்திற்கு 30 அத்தியாயங்கள் திட்டமிடப்பட்டிருந்தன. அரைமணி நேரக் கணக்கில் 19 மட்டுமே வெளிவந்தன. மீதியுள்ளவை நின்றுபோனதற்குக் காரணம் 2007–2008இல் நடந்த எழுத்தாளர் வேலைநிறுத்தம். ஒருவர் ஒருமுறை எழுதியதை நிறுவனம் டிவிடியாகவும் இணையப் படமாகவும் பலமுறை விற்கும்போது, எழுதியவருக்கு என்ன பங்கு என்பதே அந்த வேலைநிறுத்தத்தின் மையக் கேள்வி. அதே கேள்வி சில ஆண்டுகளில் இந்திய நாடாளுமன்றத்திற்கும் வந்தது. இக்கட்டுரை அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறது.

கேசட் முதல் டிவிடி வரை

வீட்டில் வைத்துப் படம் பார்க்கும் வழக்கம் 1975இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் கருவியாலும், 1976இல் ஜேவிசி நிறுவனத்தின் விஎச்எஸ் கருவியாலும் பரவத் தொடங்கியது. திரைப்பட நிறுவனங்கள் முதலில் இதை எதிர்த்தன. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல என்று 1984 ஜனவரி 17 அன்று 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. எதிர்த்த நிறுவனங்களுக்கே பின்னாளில் கேசட் விற்பனை பெரிய வருவாயாயிற்று.

நம் பகுதியில் இந்தக் கருவிக்கு 'டெக்' என்று பெயர். 1980களில் டெக்கையும் கேசட்டுகளையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடியப் படம் பார்த்ததைத் தவளக்குப்பத்தில் என் வயதினர் பலரும் நினைவில் வைத்திருப்பர். புதுச்சேரிக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. பிரான்சிலுள்ள உறவினர் கொண்டுவரும் கேசட் இங்கே பெரும்பாலும் கருப்பு வெள்ளையாகத்தான் தெரியும். பிரான்சில் வண்ண ஒளிபரப்பு செகாம் முறையில் இருந்தது. இந்தியாவில் பிஏஎல் முறை. பிற்காலத்தில் டிவிடியிலும் இதே கதை தொடர்ந்தது. அமெரிக்கா மண்டலம் 1, பிரான்ஸ் மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5 என்று உலகம் பிரிக்கப்பட்டது.

டிவிடி 1996 இறுதியில் ஜப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. ஒரு பருவம் முழுவதையும் கேசட்டில் விற்றால் அலமாரியே நிறைந்துவிடும். டிவிடியில் நான்கைந்து தட்டுகளில் அடங்கிவிடும். 2000ஆம் ஆண்டில் 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் முதல் பருவம் இவ்வாறு முழுப் பெட்டியாக வெளிவந்தது. பின்னர் மற்றத் தொடர்களும் அதே வழியில் சென்றன. வாரம் ஒருமுறை வந்து மறைந்துகொண்டிருந்த தொலைக்காட்சித் தொடர், நூலைப் போல வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாயிற்று.

தொடரின் தோற்றம்

மூலத் தொடர் இங்கிலாந்தைச் சேர்ந்தது. ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீபன் மெர்ச்சன்ட் இருவரும் உருவாக்கிய அது 2001 ஜூலை 9 அன்று பிபிசி 2இல் தொடங்கி, 14 அத்தியாயங்களோடு 2003இல் முடிந்தது. அமெரிக்க வடிவத்தை உருவாக்கியவர் கிரெக் டேனியல்ஸ். பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ராண்டன் நகரிலுள்ள டண்டர் மிஃப்லின் என்னும் கற்பனை நிறுவனம் இதன் களம். ஆவணப்படக் குழு ஒன்று அலுவலகத்தைப் படம் பிடிப்பதுபோல் காட்சிகள் அமையும். கிளை மேலாளராக ஸ்டீவ் கரெல் நடித்தார்.

முதல் பருவத்தில் ஆறு அத்தியாயங்களே. பார்வையாளர் எண்ணிக்கை குறைவாக இருந்தது. தொடர் நின்றுவிடும் என்ற பேச்சும் எழுந்தது. அப்போது 2005 டிசம்பரில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் என்பிசி தன் தொடர்களை அத்தியாயம் 1.99 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அங்கே 'தி ஆபிஸ்' நன்றாக விற்றது. ஒளிபரப்புக்கு வெளியே கிடைத்த இந்த வரவேற்பும் தொடர் பிழைக்க உதவிற்று. இதை நினைவில் கொண்டால் பின்னால் எழுந்த சிக்கல் எளிதில் விளங்கும். தொடருக்கு உயிர் கொடுத்த அதே இணைய விற்பனையில் எழுதியவர்களின் பங்கு மிகச் சிறிது.

எழுதியவர்களே நடித்தவர்கள்

இத்தொடரின் எழுத்தாளர்கள் சிலர் நடிகர்களாகவும் இருந்தனர். மிண்டி கேலிங், பி. ஜே. நோவாக், பால் லீபர்ஸ்டீன் மூவரும் அவ்வாறானவர்கள். இவர்களுள் மிண்டி கேலிங் தமிழ் வாசகர் அறிய வேண்டியவர். 1979இல் அமெரிக்காவில் பிறந்த இவரது முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். தந்தை தமிழர், தாய் வங்காளி. 'சொக்கலிங்கம்' என்ற தந்தையின் பெயரைச் சுருக்கியதால் வந்ததே 'கேலிங்'. மூன்றாம் பருவத்தில் 2006 நவம்பர் 2 அன்று வந்த 'தீபாவளி' அத்தியாயத்தை எழுதியவர் இவரே. அதில் அவருடைய பாத்திரத்தின் பெற்றோராக அவருடைய சொந்தப் பெற்றோரே தோன்றினர்.

1985ஆம் ஆண்டின் கணக்கு

அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 1985இல் ஏற்றுக்கொண்ட கேசட் கணக்கு இதுதான். வீட்டுக் காணொளி விற்பனையில் நிறுவனத்துக்கு 100 டாலர் வருகிறது என்று கொள்வோம். அதில் 80 டாலர் கணக்கில் சேராது. மீதி 20 டாலரில் 1.5 விழுக்காடு, அதாவது 30 சென்ட், எழுத்தாளருக்கு. வருவாய் பத்து லட்சம் டாலரைத் தாண்டினால் 1.8 விழுக்காடு, அதாவது 36 சென்ட். ஒரு டிவிடிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ நான்கு சென்ட்தான்.

80 டாலரை ஒதுக்கியதற்கு அன்று ஒரு நியாயம் சொல்லப்பட்டது. கேசட் தயாரிக்கச் செலவு அதிகம், சந்தை புதிது, அது வளரட்டும் என்றார்கள். பின்னர் டிவிடி வந்து தயாரிப்புச் செலவு பெரிதும் குறைந்தது. கணக்கு மட்டும் மாறவில்லை. 1988இல் எழுத்தாளர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்த பின்னும் அது அப்படியே இருந்தது. இணையத்தில் பதிவிறக்கமாக விற்கும்போதும் நிறுவனங்கள் இதே பழைய கணக்கைப் பயன்படுத்தின. விளம்பரத்தோடு இலவசமாக இணையத்தில் காட்டியதை 'தொடருக்கான விளம்பரம்' என்று கூறி, அதற்குப் பங்கு எதுவும் தரவில்லை.

'தி ஆபிஸ்' எழுத்தாளர்களுக்கு இது நேரடி அனுபவம். 2006 கோடையில் இணையத்திற்காகவே 'தி அக்கவுண்டன்ட்ஸ்' என்ற பத்துச் சிறு பகுதிகளை உருவாக்கினர். அது பகல்நேர எம்மி விருது பெற்றது. ஆனால் அதை எழுதியதற்குத் தங்களுக்கு ஊதியம் கிடைக்கவில்லை என்று அவர்கள் பின்னர் வெளிப்படையாகக் கூறினர்.

2007 நவம்பர் 5

டிவிடி பங்கை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. பேச்சுவார்த்தையின் கடைசி நாளில் அதைச் சங்கமே விலக்கிக்கொண்டது. இணையத்தில் பங்கு பெறுவதே எதிர்காலத்திற்கு முக்கியம் என்று அது கருதியது. அப்படியும் உடன்பாடு ஏற்படவில்லை. நவம்பர் 5 அன்று சுமார் 12,000 எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

'தி ஆபிஸ்' படப்பிடிப்பு உடனே நின்றது. மறியலைத் தாண்டி வர ஸ்டீவ் கரெல் மறுத்துவிட்டார். கிரெக் டேனியல்ஸ் தம் எழுத்தாளர்களோடு மறியலில் நின்றார். மிண்டி கேலிங்கும் அவர்களோடு நின்றார். மறியல் இடத்திலேயே 'தி ஆபிஸ் இஸ் க்ளோஸ்டு' என்ற சிறு காணொளியை எடுத்து யூடியூபில் வெளியிட்டனர். தங்கள் குறையை நகைச்சுவையாகவே அதில் விளக்கினர். எழுத்தாளர் அல்லாதோர்க்கும் இந்த வேலைநிறுத்தம் இழப்பையே தந்தது. ஒளியமைப்பாளர், தச்சர், ஒப்பனையாளர் போன்ற பலர் வாரக்கணக்கில் வருமானம் இழந்தனர்.

சுருங்கிய பருவம்

நான்காம் பருவம் 2007 செப்டம்பர் 27 அன்று தொடங்கியது. மிண்டி கேலிங் எழுதிய 'பிராஞ்ச் வார்ஸ்' நவம்பர் 1 அன்று, அதாவது வேலைநிறுத்தத்திற்கு நான்கு நாள் முன்பு, ஒளிபரப்பாயிற்று. முன்பே எடுத்து முடித்தவை நவம்பர் 15 வரை தாக்குப்பிடித்தன. அதுவரை வந்தவை 12. அதன்பின் ஏறத்தாழ ஐந்து மாதம் புதிய அத்தியாயமே இல்லை.

'டின்னர் பார்ட்டி' என்ற அத்தியாயத்தின் எழுத்துப்படியை நடிகர்கள் கூடிப் படித்துப் பார்த்த நிலையில் வேலை நின்றது. மேலாளர் தம் வீட்டுக்கு ஊழியர்களை விருந்துக்கு அழைத்து அவர்களைச் சங்கடத்தில் ஆழ்த்தும் கதை அது. வேலைநிறுத்தம் முடிந்த பின் படமாக்கப்பட்டு 2008 ஏப்ரல் 10 அன்று வந்தது. இன்றும் இத்தொடரின் மிகச் சிறந்த அத்தியாயங்களுள் ஒன்றாக அது பேசப்படுகிறது. மே 15 வரை மேலும் ஆறு வந்து பருவம் முடிந்தது.

2008 செப்டம்பர் 2 அன்று இப்பருவம் நான்கு தட்டுகள் கொண்ட டிவிடிப் பெட்டியாக வெளிவந்தது. ஒளிபரப்பில் இடம்பெறாத காட்சிகளும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. அந்தப் பெட்டி விற்றபோதும் எழுத்தாளருக்குக் கிடைத்தது 1985ஆம் ஆண்டின் அதே சென்ட் கணக்குதான்.

கிடைத்ததும் கிடைக்காததும்

நூறு நாள் நீடித்த வேலைநிறுத்தம் 2008 பிப்ரவரி 12 அன்று முடிந்தது. டிவிடி பங்கு உயரவில்லை. பதிவிறக்க விற்பனையில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒரு லட்சம் பதிவிறக்கத்தைத் தாண்டினால் பங்கு 0.36 விழுக்காட்டிலிருந்து 0.70 விழுக்காடாக உயரும் என்று ஏற்கப்பட்டது. விளம்பரத்தோடு இணையத்தில் காட்டுவதற்கும் பங்கு உண்டு என்பது முதன்முறையாக ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. அந்த நாளில் இது சிறிய வெற்றியாகவே தோன்றியது. ஆனால் டிவிடிச் சந்தை சில ஆண்டுகளில் சுருங்கி இணையமே எல்லாமாயிற்று. தேய்ந்துகொண்டிருந்த பொருளை விட்டு வளரப்போவதைப் பிடித்தது சரியான முடிவு என்பதைக் காலம் காட்டியது.

இந்தியாவில் இதே கேள்வி

எழுத்தாளர்கள் மறியலில் நின்ற அதே 2007இல், இந்தியாவில் மோசர் பேயர் நிறுவனம் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. திருட்டுத் தட்டின் விலைக்கே அசல் தட்டைக் கொடுப்பது அதன் நோக்கம். வெளிநாட்டுத் தமிழர்க்கு லண்டனைச் சேர்ந்த ஐங்கரன் நிறுவனத்தின் டிவிடிகள் பழக்கமானவை.

நம் சட்டம் முதலில் கவனித்தது திருட்டைத்தான். 1984இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு வீடியோ திருட்டுக்குத் தண்டனை கூட்டப்பட்டது. தமிழ்நாட்டில் 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருடர்களும் சேர்க்கப்பட்டனர். இவை விற்பவரைக் காத்தன. எழுதியவரின் பங்கைப் பற்றிப் பேசவில்லை. கதை, வசனம், பாடல் ஆகியவற்றின் உரிமையை ஒரு தொகைக்கு மொத்தமாக எழுதிக்கொடுத்துவிடுவதே வழக்கமாக இருந்தது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றியது. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் இதற்காகத் தொடர்ந்து வாதாடினார். 2012 ஜூன் 21 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இதன்படி, திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்ந்த மற்றப் பயன்பாடுகளில், எழுத்துப் படைப்புக்கும் இசைப் படைப்புக்கும் உரியவர் தம் உரிமைத்தொகையைச் சம பங்காகப் பெற உரிமையுடையவர். அந்த உரிமையை அவரே விரும்பினாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. வேலை வேண்டி எதிலும் கையெழுத்திடும் நிலையில் இருக்கும் புதிய எழுத்தாளருக்கு இதுவே காப்பு. அமெரிக்காவில் சங்கம் போராடிப் பெற்றதை இங்கே சட்டம் தந்தது. ஆனால் சட்டத்தில் உள்ள பங்கை வசூலித்துக் கொடுக்கவும் வலுவான அமைப்பு வேண்டும்.

பின்வந்த காலம்

2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இணையத்தில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட தொடர் 'தி ஆபிஸ்' என்று நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. அளவு 5,710 கோடி நிமிடங்கள். தொடர் முடிந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நிலை. இந்தியாவில் 2019இல் ஹாட்ஸ்டார் இதன் இந்தி வடிவத்தை வெளியிட்டது. தமிழிலும் 2013இல் விஜய் தொலைக்காட்சியில் 'ஆபிஸ்' என்ற பெயரில் வேறொரு அலுவலகத் தொடர் தொடங்கியது. இணையத் தளங்களின் பங்கு போதாது என்று 2023இல் அமெரிக்க எழுத்தாளர்கள் மீண்டும் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தனர்.

கேசட், டிவிடி, பதிவிறக்கம், இணையத்தளம் எனக் கருவி மாறியும் கேள்வி ஒன்றாகவே இருந்தது. ஒவ்வொரு புதிய கருவி வரும்போதும் 'சந்தை புதிது, இப்போது குறைவாக வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லப்படுகிறது. அன்று ஏற்கும் விகிதம் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதற்கு 1985ஆம் ஆண்டின் கணக்கே சான்று.