பழுதும் சாக்கும்: கைப்பேசியை மாற்றும் முடிவு எங்கே பிறக்கிறது?

ஏன் ஃபோனை மாற்றினீர்கள் என்று கேட்டால் கிடைக்கும் விடைகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சார்ஜ் நிற்கவில்லை, ஹேங் ஆகிறது, டிஸ்ப்ளே போய்விட்டது, ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது. நுகர்வோர் ஆய்வுகள் பலவும் இந்த விடைகளை அப்படியே எண்ணி, எது முதலிடம், எது இரண்டாமிடம் என்று அட்டவணை போட்டு முடித்துக்கொள்கின்றன. இந்த விடைகள் பொய்யல்ல. ஆனால் இவற்றைக் காரணங்களாகக் கொள்வதும் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். இரண்டு வருடம் ஓடிய எந்தக் கைப்பேசியிலும் ஏதாவது ஒரு குறை இருக்கும். அந்தக் குறைகளில் எது ரிப்பேருக்குப் போகிறது, எது புது ஃபோனுக்கு வழிவிடுகிறது என்பதைத் தீர்மானிப்பவை ஃபோனுக்கு வெளியே இருக்கின்றன. உதிரிபாகத்தின் விலை, பழையதற்குக் கிடைக்கும் மதிப்பு, நெட்வொர்க்கும் செயலிகளும் வைக்கும் கெடு, வீட்டில் அடுத்து யாருக்கு ஃபோன் வேண்டியிருக்கிறது என்பது. மின்கலம் பல நேரங்களில், இவற்றால் ஏற்கெனவே பாதி எடுக்கப்பட்ட முடிவுக்கு வாய்த்த மரியாதையான சாக்கு.

இத்துறையில் இரண்டு வகைப்பாடுகள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. வான்ஸ் பாக்கார்ட் 1960-இல் வெளியிட்ட 'தி வேஸ்ட் மேக்கர்ஸ்' நூலில், ஒரு பொருள் செயல்பாட்டில் பழசாகலாம், தரத்தில் பழசாகலாம், விருப்பத்தில் பழசாகலாம் என்று பிரித்தார். டிம் கூப்பர் 2004-இல் எழுதிய கட்டுரை, பொருள் அறவே செயலிழப்பதையும், ஓடிக்கொண்டிருக்கும்போதே உரிமையாளரின் மதிப்பில் தாழ்ந்துபோவதையும் வேறுபடுத்தியது. இரண்டும் பயனுள்ளவை. ஆயினும் இவற்றைக் கையாள்வோர் பெரும்பாலும் காரணத்தைப் பொருளுக்குள் தேடுகிறார்கள், இல்லையேல் வாங்குபவர் மனத்துக்குள் தேடுகிறார்கள். அதனால்தான் பொதுப் பேச்சிலும் ஒருபுறம் 'கம்பெனிக்காரன் வேண்டுமென்றே கெடுக்கிறான்' என்ற குற்றச்சாட்டும், மறுபுறம் 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மோகம்' என்ற கண்டிப்பும் மாறிமாறி வருகின்றன. முப்பது வருடத்துக்கு முன் வாங்கிய மிக்ஸி இன்றும் சட்னி அரைக்கிறது, ஏனெனில் தேங்காய் மாறவில்லை. கைப்பேசிக்கு எதிரே இருப்பவை டவரும் சர்வரும். அவை மாறிக்கொண்டே இருக்கின்றன.

இந்த வாதத்துக்கு நம்மிடம் உள்ள வலுவான சான்று ஆப்பிள் நிறுவனத்தின் 2017-18 ஆண்டுக் கதை. லித்தியம் அயனி மின்கலம் பழசாகும்போது அதன் கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, உள்மின்தடையும் கூடுகிறது. செயலி திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சரிந்து, முப்பது விழுக்காடு சார்ஜ் காட்டும் ஃபோன்கூடப் பட்டென்று அணைந்துபோகும். இதைத் தவிர்க்க ஆப்பிள் 2017 ஜனவரியில் வெளியிட்ட ஐஓஎஸ் 10.2.1 பதிப்பில், மின்கலம் நலிந்த ஐஃபோன்களின் செயலி வேகத்தை மென்பொருள் மூலம் மட்டுப்படுத்தியது. பயனருக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் விஷயம் வெளியே வந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, உத்தரவாதக் காலம் முடிந்த ஃபோன்களுக்கு மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. சலுகை 2018 இறுதிவரை நீடித்தது.

அதன் பின் நடந்ததுதான் நமக்கு முக்கியம். 2019 ஜனவரி 2 அன்று ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், காலாண்டு வருவாய் எதிர்பார்த்த 89 முதல் 93 பில்லியன் டாலருக்குப் பதில் ஏறத்தாழ 84 பில்லியனாக இருக்கும் என்று அறிவித்தார். முதன்மைக் காரணமாக அவர் சொன்னது சீனப் பொருளாதார வளர்ச்சியின் மந்தம். ஆனால் சில நாடுகளில் மக்கள் புதிய ஐஃபோனுக்கு மாறாததற்கு அவர் அடுக்கிய காரணங்களில், மலிவான மின்கல மாற்றத்தைச் சிலர் பயன்படுத்திக்கொண்டதும் ஒன்று. விற்பவரே கொடுத்த வாக்குமூலம் இது. அதே ஃபோன், அதே பழுது, அதே ஆசை. மாறியது சீர்செய்யும் விலையும், எந்தப் பாகம் பழுது என்ற தகவலும் மட்டும்தான். சிலருடைய முடிவு திரும்பிவிட்டது. எவ்வளவு பேர் என்று பிரித்துச் சொல்ல அந்தக் கடிதம் இடம்தரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திசையை மட்டும் அது ஐயமின்றிக் காட்டுகிறது.

தகவல் என்பதை இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பிரான்சு நாட்டின் நுகர்வோர் நல அமைப்பு 2020 பிப்ரவரியில் ஆப்பிளுக்கு 25 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. அந்த அபராதம் வேகத்தைக் குறைத்ததற்காக அல்ல, குறையும் என்று சொல்லாததற்காக. தன் ஃபோன் மெதுவாகிறது என்று கண்டவர் 'ஃபோன் பழசாகிவிட்டது' என்று நோய்க்குப் பெயரிட்டார். பழசானது ஒரு பாகம். முழுப் பொருளும் பழசு என்று நம்புபவருக்கு மின்கலக் கடையின் வாசல் கண்ணில் படாது.

இனி நம் ஊர் சர்வீஸ் கடைக்கு வருவோம். சென்னை ரிச்சி தெருவானாலும் சிற்றூர்ப் பேருந்து நிலையத்து எதிர்க்கடையானாலும், முடிவு உருவாகும் இடம் 'எவ்வளவு ஆகும்?' என்ற கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையில்தான். முன்பு கீறிய கண்ணாடியை, அதாவது டச் கிளாஸை மட்டும், தனியாக மாற்ற முடிந்தது. இப்போது கண்ணாடி, தொடுபரப்பு, திரை மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டு ஒரே 'காம்போ'வாக வருகின்றன. மேலே விழுந்த ஒரு விரிசலுக்கு மூன்றையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். மின்கலமும் பின்மூடிக்குள் பசைபோட்டு அடைக்கப்பட்டிருக்கிறது. போதாததற்கு ஒரிஜினல், காப்பி என்று தரத்துக்கொரு விலை. ஐஃபோன் 11 முதல், வெளியே மாற்றிய திரையை அசல் என்று உறுதிசெய்ய முடியவில்லை என ஃபோனே அறிவிப்புக் காட்டுகிறது. சீர்செய்த பொருள் தன் உரிமையாளருக்கே சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது.

15,000 ரூபாய்க்கு வாங்கி இரண்டு வருடம் ஓடிய ஃபோனின் டிஸ்ப்ளேவுக்கு 5,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் அது மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அப்படி ஒப்பிடுபவர் அரிது. இன்றைக்கு விற்றால் எவ்வளவு போகும் என்ற கணக்கே மனத்தில் ஓடும். அது 5,000-ஐத் தாண்டாது என்று தெரிந்தால் ரிப்பேர் வீண்செலவாகத் தோன்றும். இதைவிடக் கூர்மையான ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆய்வுகள் இதன் மேல் போதிய கவனம் வைக்கவில்லை என்பது என் கருத்து. ரிப்பேருக்குக் கையில் ரொக்கம் வேண்டும். புது ஃபோனுக்கு வேண்டாம். அதே 15,000 ரூபாய் ஃபோன் வட்டியில்லாத் தவணையில் மாதம் 1,250 வீதம் பன்னிரண்டு மாதம். மாதக் கடைசியில் திரை உடைந்தவருக்கு 5,000 என்பது கைக்கு எட்டாத தொகை, 1,250 எட்டும் தொகை. இவரை ஆடம்பரக்காரர் என்று சொல்ல முடியுமா? மலிவானது எது என்று அவர் கேட்கவில்லை. இன்று முடிவது எது என்று கேட்கிறார். நாள் முழுவதும் வெயிலில் வண்டியில் ஃபோனைச் செருகி, வரைபடம் பார்த்து, சார்ஜ் போட்டுக்கொண்டே ஓடும் உணவு விநியோகத் தொழிலாளிக்கு இந்தக் கேள்வி இன்னும் கடுமை. ஃபோன் கடையில் கிடக்கும் நாளில் அவருக்கு வருமானம் இல்லை.

எக்ஸ்சேஞ்ச் என்ற ஏற்பாடு இந்தக் கணக்கின் மறுபக்கம். எரிகா ஒகாடா 2001-இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் தாம் வாங்கிய பொருளுக்கு மனத்துக்குள் ஒரு கணக்கேடு வைத்திருக்கிறார்கள் என்று காட்டியது. போட்ட பணத்துக்கு இவ்வளவு பயன் கிடைத்துவிட்டது, இவ்வளவு மீதி என்று அதில் பற்று எழுதப்பட்டுக்கொண்டே வரும். மீதி இருக்கும்போது புதியது வாங்குவது வலிக்கும். பழையதற்கு ஒரு விலை கிடைத்தால் அந்த மீதி நேராகி, வலி தணியும். தீபாவளியை ஒட்டிய இணையத் தள்ளுபடி விற்பனைகளில் 'உங்கள் பழைய ஃபோனுக்கு இவ்வளவு' என்ற வரி பெரிய எழுத்தில் வருவது தற்செயல் அல்ல. பெலெஸ்ஸா, அக்கர்மன், ஜினோ மூவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. மேம்பட்ட அடுத்த மாடல் கண்ணெதிரே இருக்கும்போது மக்கள் கையிலுள்ளதைக் கவனக்குறைவாகப் புழங்குகிறார்கள். தொலைந்த ஐஃபோனைத் தேடுவதில்கூட ஊக்கம் குறைகிறது. உறை போடாமல் வைத்திருந்து உடைந்த ஃபோனில் பழுது முன்பா, முடிவு முன்பா என்ற கேள்வி இதற்குப்பின் எளிதானதல்ல.

இனி நெட்வொர்க் வைக்கும் கெடுவுக்கு வருவோம். அமெரிக்காவில் நெடுங்காலம் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் வழக்கில் இருந்தது. தொலைதொடர்பு நிறுவனம் ஃபோனின் விலையில் பெரும்பகுதியைத் தானே ஏற்று, மாதக் கட்டணத்தில் மீட்டுக்கொள்ளும். ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த மானிய ஃபோனை எடுத்துக்கொள்ளாவிட்டால் நட்டம் வாடிக்கையாளருக்கே. டி-மொபைல் 2013-இலும், வெரிசான் 2015-இலும், ஏடி அண்ட் டி 2016 தொடக்கத்திலும் இந்த முறையைக் கைவிட்டன. டிம் குக்கின் அதே கடிதத்தில், குறைந்துபோன இந்த மானியங்களும் ஒரு காரணமாக இடம்பெற்றிருந்தன. ஃபோனின் ஆயுளை ஃபோன் அல்ல, ஒரு ஒப்பந்தத் தாள் முடிவுசெய்த காலம் அது.

இந்தியாவில் மானிய ஒப்பந்தம் வேரூன்றவில்லை. நெட்வொர்க்கே நேரடியாக அந்த வேலையைச் செய்தது. 2016 செப்டம்பர் 5 அன்று சேவை தொடங்கிய ஜியோவிடம் 2ஜி, 3ஜி கிடையாது. அழைப்பும் 4ஜி வழியாகவே போக வேண்டும். இலவச அழைப்பும் இணையமும் வாசலில் வந்து நின்றபோது, ஒரு கீறல்கூட இல்லாத 3ஜி ஃபோன் அதை வாங்கிக்கொள்ள வக்கற்றதாயிற்று. மறு ஆண்டு நிறுவனமே 1,500 ரூபாய் வைப்புத்தொகையில் ஜியோஃபோனை இறக்கியதற்குப் பொருள் இதுதான்: விற்க வேண்டியது சேவை, குறுக்கே நின்றது மக்கள் கையிலிருந்த நல்ல ஃபோன். தமிழ்நாட்டில் பரவலாக இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திணறி விழுந்தபோது, எண்ணைக் காப்பாற்ற ஜியோவுக்கு மாறியவர்கள் பலருக்கு ஃபோனையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது.

செயலிகளின் கெடு இன்னும் அமைதியாக வேலை செய்கிறது. நோக்கியா எஸ்40 ஃபோன்களுக்கு வாட்ஸ்அப் 2018 இறுதியோடு நின்றது. விண்டோஸ் ஃபோன்களுக்கு 2019 இறுதியோடு. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழானவை வெளியே போயின. வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் பாதுகாப்பு கருதிப் பழைய பதிப்புகளைக் கைவிடுகின்றன. காய்கறிக் கடையில் பணம் கொடுக்கவும், மகனின் பள்ளிக் குழுவில் செய்தி பார்க்கவும் பயன்படாத ஃபோனை 'நன்றாக ஓடுகிறது' என்று எந்த ஆய்வாளர் சொல்வார்? ஸ்டோரேஜ் நிரம்புவதும் இதே இனம். 16 ஜிபி ஃபோன் சுருங்கவில்லை. ஊர் முழுதும் அனுப்பும் காலை வணக்கப் படங்கள் பெருகின. கூகுள் 2017 டிசம்பரில் இந்தியாவில் ஃபைல்ஸ் கோ என்ற செயலியை இறக்கியதில் நம் ரோஜாப்பூ வணக்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

மேலை ஆய்வுகளை அப்படியே இங்கே பொருத்த முடியாததற்கு இன்னொரு காரணம் குடும்பம். அங்கே அளவையின் அலகு தனிநபர்: ஒருவர், ஒரு ஃபோன், இத்தனை மாதம். நம் வீடுகளில் ஃபோன் கைமாறும். மகள் புதிது வாங்கினால் அவளுடையது அப்பாவுக்கு, அப்பாவுடையது ஊரிலுள்ள பாட்டிக்கு. ஆகவே 'ஏன் மாற்றினீர்கள்' என்பதற்கு உண்மையான விடை சில வேளைகளில் மகளின் ஃபோனில் இல்லை, அப்பாவின் தேவையில் இருக்கிறது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது இது வெளிப்படையாயிற்று. ஒரே ஃபோனை அப்பா வேலைக்கு எடுத்துப்போய்விட, பிள்ளைகள் கல்வித் தொலைக்காட்சியோடு நின்றுவிட்ட வீடுகளில், வாங்கிய இரண்டாவது ஃபோன் எதையும் மாற்றவில்லை. அது சேர்ந்தது. விற்பனைக் கணக்கில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஆசையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. நல்ல கேமரா வேண்டும் என்பதும், நண்பர் கூட்டத்தில் பழைய ஃபோனை எடுக்கக் கூசுவதும் உண்மை. ஆனால் ஆசை எப்போதும் இருப்பது. எப்போதும் இருப்பதைக் கொண்டு, ஏன் இந்த மாதம் என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது. நேரத்தைக் குறிப்பவை விலையும் கெடுவும் தவணையும்தான்.

இதிலிருந்து ஆய்வுமுறைக்கு ஒன்று கிடைக்கிறது. 'முதன்மைக் காரணம் எது' என்று ஒற்றை விடை கேட்கும் வினாத்தாளைக் கைவிட்டு, கடையில் எவ்வளவு கேட்டார்கள், பழையதற்கு எவ்வளவு கிடைத்தது, பழைய ஃபோன் இப்போது யார் கையில், முந்தைய தவணை எப்போது முடிந்தது என்று கேட்க வேண்டும். கொள்கைக்கும் ஒன்று கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்புக்கு வந்த விதிகள், 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் மின்கலத்தில் 80 விழுக்காடு கொள்ளளவு இருக்க வேண்டும், விற்பனை நின்ற பின்னும் ஏழு ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், ஐந்து ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு வேண்டும் என்கின்றன. சரியான இடத்தில் கைவைத்த விதிகள் இவை. ஆனால் அங்கே ஃபோன் பெட்டியில் ஒட்டப்படும் சீர்செய்தகைமை மதிப்பெண்ணில் உதிரிபாகத்தின் விலை கணக்கில் வராது. பிரான்சு 2021-இல் கொண்டுவந்த குறியீட்டில் விலையும் ஓர் அளவுகோலாக இருந்தது. அந்த வகையில் பழையதே மேல்.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2024 செப்டம்பரில் இதே போன்ற குறியீட்டை வகுக்கக் குழு அமைத்தது. குழுவின் அறிக்கை 2025 மே மாதம் கிடைத்துவிட்டது. எந்தத் திருகாணி, எந்தப் பசை என்ற அளவுகோல்கள் இருக்கட்டும். கடை வாசலில் நின்று முடிவெடுப்பவருக்குப் பயன்படுவது ஒரே ஒரு தகவல். ஃபோன் பெட்டியின் மேல், ஃபோனின் விலைக்குப் பக்கத்திலேயே, அதன் டிஸ்ப்ளே விலையையும் மின்கல விலையையும் அச்சிட வேண்டும் என்று நுகர்வோர் ஆய்வாளர்கள் அரசிடம் கேட்க வேண்டும்.