நிலைமீன்கள் நகர்ந்த வரலாறு

வானில் ஒளிர்வனவற்றை நம் முன்னோர் நாள்மீன், கோள்மீன் எனப் பிரித்தறிந்தனர். பட்டினப்பாலை இவ்விரண்டையும் ஒருசேரக் குறிப்பிடுகிறது. கோள்மீன் பிற மீன்களிடையே இடம் மாறிச் செல்வது. நாள்மீன் தன் கூட்டத்தை விட்டு அகலாதது. கிரேக்கரும் இவ்வாறே கருதினர். விண்மீன்கள் கிழக்கே எழுந்து மேற்கே மறைவது புவியின் சுழற்சியால் விளையும் தோற்றமே எனத் தெளிந்த பின்னரும், அவை தமக்குள் இடம் மாறுவதில்லை என்னும் கருத்து 18ஆம் நூற்றாண்டுவரை நீடித்தது. அதனை அசைத்தது புதிய கருவியன்று. பழைய பட்டியலே என்பதை நாம் கருத வேண்டும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைத் தம் 'அல்மகெஸ்டு' நூலில் பதிந்தார். அவருக்கு முந்திய இப்பார்க்கசின் அளவீடுகள் சிலவும் அந்நூலால் நமக்குக் கிடைத்தன. 1718இல் இங்கிலாந்தின் எட்மண்டு ஹேலி அப்பழைய அளவுகளைத் தம் காலத்து அளவுகளோடு ஒப்பிட்டார். புவியின் அச்சு மெல்லத் திசை திரும்புவதால் மீன்கள் அனைத்தும் ஒருசீராகப் பெயர்ந்து தோன்றும். அது முன்பே அறிந்த செய்தி. அப்பெயர்ச்சியைக் கழித்த பின்னும், சிரியசும் சோதி எனப்படும் சுவாதியும் தம் பழைய இடங்களில் இல்லை. சுவாதி ஏறத்தாழ 1,850 ஆண்டுகளில் முழுநிலவின் அகலத்தைப்போல் இருமடங்கு விலகியிருந்தது. பழையோர் பிழைபட அளந்தனர் என்று ஹேலி தள்ளிவிடவில்லை. மீன்களே நகர்ந்தன எனத் துணிந்தார்.

இவ்வசைவு ஏன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை? தொலைவே காரணம். விரைந்து பறக்கும் வானூர்தியும் தொலைவில் ஊர்வதுபோல் தோன்றுகிறதன்றோ! 1838இல் பெசல் அளந்தறிந்த விண்மீன், நமக்கு அண்மையிலுள்ளவற்றுள் ஒன்றாயினும், அதன் ஒளி நம்மை வந்தடையப் பதினோர் ஆண்டுகளுக்கு மேலாகிறது. மேலும், குறுக்காகச் செல்லும் நகர்வே இடமாற்றமாகத் தெரியும். நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் நகர்வை இடமாற்றத்தால் அறிய இயலாது. அதனை நிறமாலைக் கோடுகளின் பெயர்ச்சியால் அறிய 1868இல் அக்கின்சு வழிகண்டார். 1916இல் பர்னார்டு கண்டறிந்த மங்கலான விண்மீனே வானில் மிக விரைவாக இடம் மாறுவது. அதுவும் நிலவின் அகலத்தைக் கடக்க ஏறத்தாழ 175 ஆண்டுகள் வேண்டும்.

ஒருவர் தம் வாழ்நாளில் வெறுங்கண்ணால் காணவியலாத நகர்வு இது. முன்னோர் எழுதிவைத்ததும், பின்னோர் அதனை மதித்து ஒப்பிட்டதுமே அதனைப் புலப்படுத்தின. இன்று மாணவர் கருத்துடன் குறித்துவைக்கும் அளவும், நாளை ஒருவர் வினாவுக்கு விடையாகலாம்.