பெரட்டும் குவியமும்

மலேசியாவின் செர்டாங் சுற்றுவட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் 'பெரட்டு' தெரியும். விடியுமுன் லயத்து ஆட்களெல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். பெயர் வாசித்து, யாருக்கு எந்த நிரை என்று சொன்னதும் களம் காலியாகிவிடும். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் உருண்டு பெரட்டானது.

உயிரணுவுக்குள்ளும் ஒரு பெரட்டு நடக்கிறது. அறிவியலார் அதற்கு இட்ட பெயர் 'ஃபோகஸ்'. இந்தச் சொல்லின் பின்னால் போனால் அடுப்படிக்குப் போய்ச் சேரலாம். லத்தீனில் ஃபோகஸ் என்றால் வீட்டு அடுப்பு. நெருப்புக்கு 'இக்னிஸ்' என்று தனிச்சொல் இருந்தும், பேச்சுவழக்கில் அடுப்பே நெருப்பாகிவிட்டது. ஸ்பானியரின் 'ஃபுவேகோ' அதன் பிள்ளைதான். 1604இல் கெப்லர் தம் ஒளியியல் நூலில் இச்சொல்லை எடுத்தாண்டார். வில்லை வழியே வெயில் ஒன்றுகூடிக் காகிதத்தைப் பொசுக்கும் புள்ளியைப் பார்த்தவர்களுக்கு அடுப்பு ஏன் வந்தது என்று விளங்கும்.

தமிழில் பாடநூல் எழுதியவர்கள் தீயை விட்டுவிட்டுச் சேர்க்கையைப் பிடித்துக்கொண்டார்கள்: குவியம். நெல் குவியும், கும்பிடும் கை குவியும், பொழுது சாய்ந்தால் தாமரை குவியும்.

இனி உயிரணுவுக்குள் நடக்கும் பெரட்டுக்கு வருவோம். டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் அறுந்துபோனால், ஏ.டி.எம். என்ற நொதி அந்த இடத்துக்கு இருபுறமும் உள்ள எச்2ஏஎக்ஸ் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அடையாளம் வைக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் வில்லியம் பானரின் குழு, எச்2ஏஎக்ஸில் இந்த அடையாளம் விழுவதை 1998இல் வெளியிட்டது. அறுந்தது ஓரிடம்தான், அடையாளமோ பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளுக்கு மேல் பரவுகிறது. அதைக் கண்டு எம்.டி.சி.1 வந்து பற்றிக்கொள்ள, 53பிபி1 உள்ளிட்ட புரதங்கள் பின்னாலேயே திரள்கின்றன. ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், உட்கருவில் பச்சைப் பொட்டுகள்; ஃபோகஸ் என்பது இவற்றைத்தான். சில நிமிடங்களில் தோன்றி, அரை மணி நேரத்தில் நிறைந்து, பழுது தீரத் தீர மறைகின்றன.

இதற்கு அடுப்பை விடக் குவியமே பொருத்தம் என்பேன். அடுப்பு வைத்த இடத்தில் இருக்கும். குவிந்ததோ விரியும், கலையும். இப்போது இந்தப் பொட்டுகளைத் 'துளி' என்றும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். 53பிபி1 பொட்டுகள் இரண்டு தொட்டுக்கொண்டால், சேம்பிலையில் உருளும் மழைத்துளிகளைப் போல ஒன்றாகிவிடுவதை 2019இல் கண்டார்கள்.